கொட்டகையில் கிடந்த வண்டி

மகன் விட்டுப் போன வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும் வருஷக்கணக்கில் இருந்தால் தெரு நாலு விதமாகப் பேசத்தான் செய்யும். பேசியது. பேசிப் பேசி வாய் வலித்து, வேறு வீட்டுக் கதை கிடைத்ததும் விட்டுவிட்டது. இப்போது அந்த வீட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. பேசின காலத்தைவிட இதுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் பம்ப் ஹவுஸில் அவளுக்கு வேலை. மோட்டார்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்கிறவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானாலும் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டே அங்கே யாரும் பேசுவதில்லை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் அங்கே மாமனார். வாழ்நாள் முழுக்க பேக்கரி அடுப்பின் முன்னால் நின்றுவிட்டு, இப்போது வீட்டோடு இருக்கிறவர். அந்த வெக்கையில் பேச்சும் வற்றிவிட்டது போல.

“மூடி வெச்சிருக்கேன்” என்பார்.

“சரி மாமா.”

“முட்டை இன்னிக்கு ஒண்ணுதான். ஒண்ணு கெட்டுப்போச்சு.”

“பரவால்ல மாமா.”

அன்றைய பேச்சு அதோடு முடிந்துவிடும். அப்புறம் அவர் இருமுவது கேட்கும், அவள் பாத்திரம் கழுவுவது அவருக்குக் கேட்கும். இவள் பக்கத்தில் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவன் போன புதிதில் போக இடமில்லாமல் இருந்தாள். பிறகு போகத் தோன்றாமல் இருந்துவிட்டாள்.

அவன் போனது ஒரு துணிப்பையோடு. பஸ் ஏறிப் போனான். வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று பிறகு செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மண் ரேஸில் ஓட்டின அவனுடைய வண்டி பின்புறத் தகரக் கொட்டகையிலேயே தங்கிவிட்டது. அதை எடுத்துப் போக அவன் வரவே இல்லை. அங்கே புதுசாக ஒன்று வாங்கியிருப்பான். அவனுக்கு எல்லாமே அப்படித்தான்.

பம்ப் ஹவுஸ் ஓவர்சியர் ஒரு நாள் எல்லாரையும் வெளியே கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார். மேல் அணையிலிருந்து இங்கே வரும் பைப் லைனைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு முட்டி போய்விட்டது, இனி அவரால் நடக்க முடியாது. லைன் போகிற வழி பாறையும் முள்ளும் ஓடை மணலும். ஜீப் போகாது.

“இனிமே நடந்து போய்ப் பாக்கற ஆள் வேணாம், வண்டி வெச்சிருக்கிற ஆளாப் போடுன்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. யார்கிட்டயாவது இருக்கா?”

அவள் குரல்தான் கேட்டது. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது தான் என்று அவளுக்கே உறைத்தது.

“எங்கிட்ட இருக்கு சார்.”

“ஸ்கூட்டர்லாம் அந்தப் பக்கம் போகாதும்மா.”

“ஸ்கூட்டர் இல்ல சார். மண்ணுல ஓட்டற வண்டி.”

“யார் ஓட்டுவா?”

“நான்தான்.”

கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். ஓவர்சியர் சிரிக்கவில்லை. “மேல அணைக்கிட்ட இருக்கிற ரூம்லதான் தங்கணும். வாரத்துக்கு ஒரு நாள் கீழ வரலாம். பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது. இருந்துடுவியா?”

“இருந்து பழக்கம்தான் சார்.”

“மாசக் கடைசிக்குள்ள வண்டியோட வந்து ஓட்டிக் காட்டு. இல்லன்னா நான் வெளியாளப் போட்டுடுவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது.”

அவளுக்கு ஓட்டத் தெரியும் என்பது பொய்யில்லை. கல்யாணமான புதிதில் அவன்தான் கற்றுக்கொடுத்தான். குவாரி மேட்டில் அவள் அவனைவிட வேகமாக ஏறிய அன்றோடு கற்றுக்கொடுப்பதை நிறுத்திக்கொண்டான்.

லீவு நாளில் கொட்டகையைத் திறந்தாள். காற்றுக் காலம். தகரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தார்ப்பாயை இழுத்ததும் ஒரு படி தூசி தலையில் கொட்டியது. டயர்கள் காற்றில்லாமல் சப்பிக் கிடந்தன. செயின் துருப்பிடித்து ஒரே கம்பியாகிவிட்டிருந்தது. ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே எலி குட்டி போட்டு வளர்த்துக் கல்யாணமே பண்ணிக் கொடுத்திருக்கும் போல, அத்தனை பஞ்சும் காகிதமும்.

மாமனார் பின்வாசலில் வந்து நின்றார். கையில் பிசைந்த மாவு ஒட்டியிருந்தது.

“அது அவன் வண்டி” என்றார்.

“தெரியும் மாமா. வந்து கேட்டா குடுத்துடலாம்.”

“வரமாட்டான்.”

“அப்ப யாருக்குக் காத்துக்கிட்டு இருக்கு இது?”

அவர் விரலிடுக்கிலிருந்த மாவை உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு, “எதுக்கு இப்ப?” என்று கேட்டார்.

அவள் சொன்னாள், மேலே தங்க வேண்டும் என்பதையும் சேர்த்து. அவர் “ம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு ரொட்டி கொஞ்சம் கருகியிருந்தது. அவர் கையில் ரொட்டி கருகி அவள் பார்த்ததே இல்லை.

மெக்கானிக்குக்குத் தெருவில் ‘சைலன்சர்’ என்று பெயர். வாய் மூடாமல் பேசுவதால் வைத்த பெயர். கடை அடைக்கிற நாட்களில் வந்து பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டான். வந்ததும் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

“அக்கா, இத வண்டின்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க பாருங்க, உங்க தைரியம் யாருக்கும் வராது. டாக்டரக் கூப்பிட்டுப் பொணத்தக் காட்டுறீங்களே.”

“ஓடுமா ஓடாதா தம்பி?”

“ஓடாதுன்னு நான் எப்ப சொன்னேன்? கிக்கர மிதிங்க.”

மிதித்தாள். கல்லை மிதித்தது போலிருந்தது. பிஸ்டன் துருவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்றான். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றினான்.

“இப்படியே ஊறட்டும். அவசரப்பட்டு மிதிச்சீங்க, உள்ள கீறிடும். அப்புறம் நானும் அழுவேன், நீங்களும் அழுவீங்க. தெனம் கொஞ்சம் ஊத்துங்க, அது போதும்.”

தினம் ஷிப்ட் முடிந்து வந்து ஊற்றினாள். பழைய பெட்ரோல் டாங்க்குக்குள் பிசினாகி, வார்னிஷ் நாற்றம் அடித்தது. டாங்க்கைக் கழற்றி, ஒரு கை நட்டுகளும் மண்ணெண்ணெயும் போட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டு குலுக்கினாள். கலகலவென்று வீடு முழுக்கச் சத்தம். தெருவில் போகிற ஒன்றிரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். துருத் தண்ணீர் சிவப்பாகக் கொட்டியது. மறுபடி குலுக்கினாள். செயினை மண்ணெண்ணெயில் போட்டு, கணு கணுவாக மடக்கி நீட்டிப் பழக்கினாள். விரல் நகத்தில் ஏறிய கறுப்பு சோப்புக்கு அசையவில்லை. பம்ப் ஹவுஸில் மோட்டார் சத்தத்துக்கு நடுவே அந்த நகங்களைப் பார்த்துக்கொள்வாள். வீட்டில் தனக்காக ஒரு வேலை காத்திருக்கிறது என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

அடுத்த வாரம் சைலன்சர் வந்து, கியரைப் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னான். இருவரும் சேர்ந்து ஆட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிக்கொண்டே இருந்தபோது ‘டக்’ என்று உள்ளே ஏதோ விட்டது. சக்கரம் சுற்றியது.

“ஆங்! மூச்சு வந்துடுச்சு அக்கா!” என்று குதித்தான் அவன்.

அவள் திரும்பிப் பின்வாசலைப் பார்த்தாள். மாமனார் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. வருத்தம் என்றும் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறவர் போல நின்றார்.

அன்றே கார்புரேட்டரைப் பிரித்தான். உள்ளே பச்சையாகக் களிம்பு. பித்தளையில் செய்த சின்னச் சின்ன உருப்படிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினான். “இது மெயின் ஜெட். நடுவுல ஓட்டை தெரியணும். தெரியுதா? தெரியாது, அடைச்சிருக்கு. இது வழியாத்தான் பெட்ரோல் போகும். சட்டை பட்டனை விடச் சின்னது, இது இல்லன்னா மொத்த வண்டியும் காயலான் கடைக்குத்தான்.” எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றிப் போட்டு மூடி, “ஊறட்டும், அடுத்த லீவுல வந்து மாட்டிடலாம்” என்று போனான்.

அடுத்த லீவில் வந்து கிண்ணத்தைத் துணியில் கவிழ்த்தான். எண்ணிப் பார்த்தான். திரும்ப எண்ணினான்.

“அக்கா, மெயின் ஜெட்ட எடுத்தீங்களா?”

“நான் ஏன் எடுக்கறேன்?”

“இல்லியே இங்க.”

“நல்லாப் பாரு தம்பி.”

“எலி தூக்கிட்டுப் போச்சோ? பித்தளை தின்னுற எலியா உங்க வீட்டு எலி?” சொல்லிச் சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். “இந்த மாடலுக்கு இப்ப கடையில கெடைக்காதே அக்கா. சொல்லி வெச்சா ஒரு மாசம், ரெண்டு மாசம் ஆகும்.”

மாசக் கடைசிக்கு அந்த வாரம்தான் பாக்கி. அவள் தரையில் மண்டியிட்டுத் தேடினாள். கொட்டகைத் தரை மண் தரை. காற்று அடித்து அடித்து மூலைகளில் புழுதி குவிந்திருந்தது. விளக்குமாற்றால் எல்லாவற்றையும் கூட்டி நாலைந்து குவியலாக்கினாள். அப்போது மாமனார் மாவுச் சல்லடையோடு வந்தார்.

“கையால துழாவினா கெடைக்காது. சலிச்சுப் பாக்கலாம்” என்றார்.

குந்தி உட்கார்ந்து சலித்தார். ஆயுசு முழுக்கச் சலித்த கை. சல்லடை ஒரே தாளத்தில் போய் வந்தது. ஆணி வந்தது, பாட்டில் மூடி வந்தது, உடைந்த வளையல் துண்டு வந்தது. ஒவ்வொரு குவியலாக முடித்தார். கடைசிக் குவியல் மிச்சமிருக்கும்போது சல்லடையைத் தட்டி ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார்.

“இல்ல போலிருக்கு” என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சைலன்சர் தானே அந்தக் குவியலையும் சலித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். அவள் அதைப் பார்க்கவில்லை. மாமனார் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிடி மாவைக்கூடச் சலிக்காமல் விடாத மனுஷன்.

மறுநாள் காலையில் ரொட்டித் தட்டை அவர் அவள் முன்னால் வைத்தபோது தலை நிமிராமல் கேட்டாள்.

“எங்க மாமா?”

அவர் என்ன என்று கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து, பிரித்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மஞ்சளாக மினுங்கியது. நன்றாகத் துடைத்து வைத்திருந்தார்.

“தூக்கி எறியணும்னுதான் எடுத்தேன். மனசு வரல.”

“ஏன் மாமா?”

அவர் எதிரில் உட்கார்ந்தார். உட்கார்ந்து அவளோடு சாப்பிடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. மேஜையில் ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டினார்.

“வண்டி ஓடிச்சுன்னா நீ போயிடுவே.”

“வேலைக்குத்தான மாமா போறேன்.”

“எல்லாரும் எதுக்காவதுதான் போறாங்க.” கதவுப் பக்கம் கையைக் காட்டினார். “அவன் பையத் தோள்ல மாட்டிக்கிட்டு இதோ இங்கதான் நின்னான். போகட்டுமாப்பான்னு கேட்டான். நான் அவன மறிக்கல. ஒரு செருப்பக்கூட ஒளிச்சு வெக்கல. போறவன் போகட்டும்னு விட்டுட்டேன். பெத்த மகன். அவனுக்குச் செய்யாதத உனக்குச் செஞ்சேன். தப்புதான். திட்டணும்னா திட்டிக்கோ.”

அவள் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். தண்ணீர் குடித்தாள். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. போகமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த முகம் தெளிந்துவிடும். வாய் வரைக்கும் வந்தது.

“போகத்தான் போறேன் மாமா” என்றாள்.

“ம்.”

“வாரத்துக்கு ஒரு நாள் வருவேன்.”

“வா” என்றார். எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே சைலன்சரை வரச் சொன்னாள். ஜெட்டைப் பார்த்ததும் அவனுக்குக் கண் விரிந்தது.

“எங்க இருந்துச்சு அக்கா?”

“கெடைச்சுது.”

“அதான் எங்கன்னு கேக்கறேன். நாம ஒரு குப்பை விடாம சலிச்சோமே.”

“கெடைச்சுது தம்பி. மாட்டு.”

பின்வாசலில் நின்ற மாமனார் காலடியில் எதையோ பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

புது பிளக், புது டயர், ஆயில் கலந்த பெட்ரோல். அவள் ஏறி நின்று கிக்கரை மிதித்தாள். ஒன்றுமில்லை. மிதித்தாள். கிக்கர் திருப்பி உதைத்ததில் கெண்டைக்கால் மரத்துப்போனது. “சோக்க இழுங்க, ஆக்சிலேட்டரத் தொடாதீங்க, அதுவா கேக்கும்” என்று கத்திக்கொண்டே இருந்தான் சைலன்சர். வியர்வை கண்ணில் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மொத்தக் கனத்தையும் போட்டு இறக்கினாள். ஒரு தும்மல். இன்னொன்று. பிறகு வெடித்துக்கொண்டு கிளம்பியது. வெள்ளைப் புகை கொட்டகையை நிரப்பித் தெருவுக்கும் போனது. கதவுகள் திறந்தன. மறந்துபோன வீட்டை எல்லாரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள்.

குவாரி மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். சரளையில் பின்சக்கரம் வழுக்கியபோது உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. உடம்பு மறக்கவில்லை என்று தெரிந்ததும் வேகத்தைக் கூட்டினாள். எழுந்து நின்று ஓட்டினாள். அன்று அவனை முந்தி ஏறிய அதே மேட்டில் ஏறினாள். இறக்கத்தில் மணல் இழுத்துவிட, வண்டி ஒரு பக்கம் சாய, அவள் ஒரு பக்கம் விழுந்தாள். மல்லாந்து கிடந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் சுற்றிலும் யாரும் இல்லாதது தெரிந்தது. இதை வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தாள். சொல்கிற பழக்கமே அந்த வீட்டில் இல்லை. முழங்கையில் உரசியிருந்ததைப் பார்த்த மாமனார் வெந்நீரும் துணியும் எடுத்து வைத்தார்.

ஓவர்சியர் அவள் ஓட்டிக் காட்டியதைப் பார்த்துவிட்டு, “சரி, போ” என்று மட்டும் சொன்னார்.

அணைக்குப் பக்கத்தில் அந்த அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கொடி கட்ட இரண்டு ஆணி. போன் அங்கே எடுக்காது. போய்ச் சேர்ந்த அன்று வண்டியை அணைத்ததும் வந்த அமைதியில் அவளுக்குக் காது வலித்தது. மோட்டார் இல்லை, இருமல் இல்லை. மறுபடி ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டாள்.

வேலை பழகிவிட்டது. பைப்பின் ஓரமாகவே ஓட்டிப் போக வேண்டும். காய்ந்த நிலத்தில் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்தால் அங்கே கசிவு. சந்தேகமான ஜாயின்டில் இறங்கி, இரும்பில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் போவது கேட்கும். சில நேரம் சந்தேகம் இல்லாத இடத்திலும் இறங்கிக் காதை வைத்தாள். வெயிலில் சுடும். ஆனாலும் அந்தச் சத்தத்தில் ஒரு ஆறுதல் இருந்தது.

வாரம் முடிந்து கீழே வந்தாள். ஓடையில் தூறல் பிடித்துக்கொண்டதால் உடம்பெல்லாம் சேறு. வாசலில் வண்டியை நிறுத்தினால் கதவில் பூட்டு தொங்கியது.

அந்தக் கதவில் பூட்டை அவள் பார்த்ததே இல்லை. எந்நேரம் வந்தாலும் உள்ளே அவர் இருப்பார், அதனால் சாவி என்று ஒன்றை அவள் வைத்துக்கொண்டதும் இல்லை. போன் போட்டாள். பூட்டின வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. பக்கத்து வீட்டிலும் யாரும் இல்லை. படியில் உட்கார்ந்தாள்.

கடைக்குப் போயிருப்பார் என்று முதலில் நினைத்தாள். கடை இவ்வளவு தூரம் இல்லை. ஆஸ்பத்திரியோ என்று நினைத்தாள். அப்புறம்தான் அது தோன்றியது. மகன் வந்திருப்பான். அப்பாவைத் தனியாக விட்டுப் போய்விட்டாள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பான். அவரும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். மறிக்க யார் இருந்தார்கள்? அவள் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அவருடைய துண்டு கொடியில் இருந்தது. இருந்தும் மனசு அடங்கவில்லை. சட்டையில் ஈரச் சேறு காய்ந்து, வெடித்து, உதிர ஆரம்பித்தது. நிழல் எதிர்வீட்டுச் சுவரில் ஏறியது.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் தெருமுனையில் அவர் வருவது தெரிந்தது. முழங்கை வரை மாவு வெள்ளையாக இருந்தது.

அவள் எழுந்து நின்றாள். ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நின்ற இடத்திலேயே நின்றாள்.

“பேக்கரியில மாவு பிசையறவன் நின்னுட்டானாம். வந்து நிக்கிறியான்னு கேட்டாங்க” என்றார், அவள் கேட்பதற்கு முன்பே.

“எப்பலேருந்து மாமா?”

“நீ போன மறுநாள்லேருந்து. வீட்டுல உக்காந்து என்ன பண்றது.” அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். “நீ நாளைக்கு வருவேன்னு நெனச்சுட்டேன். வந்து ரொம்ப நேரமாச்சா?”

“இல்ல மாமா. இப்பதான் வந்தேன்.”

அவர் வண்டியைக் கடந்து கதவுக்குப் போகும்போது நின்றார். குனிந்து எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். அது கல்லாகச் சில்லிட்டிருந்தது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். எடுத்தபோது அங்கே ஐந்து விரலும் மாவில் பதிந்திருந்தன. பூட்டைத் திறந்தார்.

“இன்னொரு சாவி உள்ள இருக்கு” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். “போறப்ப எடுத்துட்டுப் போ.”